டீச்சரின் பதினொரு ஊக்குகள்

கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. என் வீட்டுக்காரருக்குச் சாலை போடும் வேலை. தார்ப் பீப்பாய்களோடு ஜாசின், மூவார் என்று போய் அங்கங்கே கொட்டகை போட்டுத் தங்குவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வருவார். திங்கட்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இடைப்பட்ட நாட்களில் நானும் நான்கு சுவரும்தான்.

காஜா பெராங்கில், கம்போங் செட்டிக்குள், ஒரு பழைய வீட்டின் ஓர் அறையில் குடியிருந்தோம். சுற்றி இருந்தவர்கள் மலாக்காச் செட்டிகள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, இங்கேயே தங்கிவிட்டவர்கள். நம்மைப் போலவே மாரியம்மனைக் கும்பிட்டார்கள், திருநீறு பூசினார்கள், பொங்கல் வைத்தார்கள். வாயைத் திறந்தால் மட்டும் மலாய். பெண்கள் இடுப்பில் சாரோங் கட்டி, மேலே மெல்லிய கெபாயாச் சட்டை போட்டு, கொண்டையில் வெள்ளி ஊசி செருகியிருப்பார்கள். முதல் வாரம் அவர்களை மலாய்க்காரர்கள் என்றே நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வீடு சாம்பிராணிப் புகை கிளம்பியதைப் பார்த்துக் குழம்பிப்போனேன்.

நான் பிறந்தது ரப்பர் தோட்டத்தில். லயத்து வரிசை வீடுகளில் இந்தப் பக்கம் தும்மினால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "நூறு வயசு" என்று குரல் வரும். அப்படி வளர்ந்தவளுக்குத் தனியாக உட்கார்ந்து சோறு தின்பது பெரிய தண்டனை. பேசாமலே இருந்து இருந்து, ஒரு நாள் கோழியை விரட்டியபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

தெருமுனையில் பொதுக் குழாய் ஒன்று இருந்தது. நகராட்சி ஊழியர் குடியிருப்பிலிருந்து தமிழ்ப் பெண்கள் அங்கே தண்ணீர் பிடிக்க வருவார்கள். நான் ஆசையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"எந்தத் தோட்டம் நீ?" என்று ஒருத்தி கேட்டாள். சொன்னேன்.

"அங்க எல்லாம் காட்டுச் சனமாச்சே" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நான் என் முறை வரும்வரை நின்று, தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினேன். ஏறக்குறைய ஒரு வருஷம் அப்படியே போனது.

சுதந்திரம் வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். பிரஜாவுரிமைக்குப் பாரம், அதாவது விண்ணப்பம், எழுதிப் போட வேண்டும், போடாவிட்டால் பிற்பாடு கஷ்டம் என்றார்கள். "எதுத்த வீட்டு டீச்சர் பாரம் எழுதித் தர்றாங்களாம், போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார்.

எதிர்வீட்டு டீச்சர் செட்டிப் பெண்மணி. நாற்பது வயதிருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜப்பான் சண்டைக்கு முன்னால் ஆங்கிலப் பள்ளியில் படிப்புச் சொல்லிக் கொடுத்தவர். இப்போது வீட்டு வராந்தாவில் மேசை போட்டு, கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் பாரம் நிரப்பிக் கொடுத்தார். அவருக்கு ஆங்கிலமும் மலாயும் தெரியும். தமிழ் தெரியாது. எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் மலாய்க் கம்பம், அதாவது கிராமம், இருந்ததால் எனக்கு மலாய் நன்றாக வரும். எங்கள் பேச்செல்லாம் மலாயில்தான் நடந்தது. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அன்று என் பாரத்தை எழுதி முடித்துவிட்டு, பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார்.

"உனக்கு இரண்டு பேச்சும் வருகிறது. இங்கே தமிழ்ப் பெண்கள் வருகிறார்கள். நான் கேட்பது அவர்களுக்குப் புரிவதில்லை, அவர்கள் சொல்வது எனக்குப் புரிவதில்லை. மத்தியானத்தில் வந்து உட்காருவாயா, அடிக்?"

அடிக் என்றால் தங்கை. ஒரு வருஷத்தில் என்னை உறவு சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். நான் அவரைக் 'காக்' என்று கூப்பிடத் தொடங்கினேன். மலாயில் அக்கா. தமிழ்க் காதுக்குக் காகத்தைக் கூப்பிடுவது போலிருக்கும். அதைச் சொன்னபோது கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

தினமும் மூன்று மணிக்குப் போவேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எங்கே பிறந்தாய், எந்தக் கப்பலில் வந்தார்கள் உன் அப்பா அம்மா, எத்தனை பிள்ளைகள், எத்தனை வயது. நான் இப்படிக் கேட்டு அப்படிச் சொல்வேன். வயதுகளைக் கேட்டுக் கேட்டு அவருக்கு எண்கள் படிந்துவிட்டன. "ஏழு", "ஒம்பது", "பதினொண்ணு" என்று பெண்கள் சொல்லும்போதே, என் வாய்க்குக் காத்திராமல் எழுதிவிடுவார். அதில் அவருக்குச் சின்னக் குழந்தைக்குரிய பெருமை.

நகர மன்றத் தேர்தல் வந்தது. எங்கள் தெரு வடிகால் ஒவ்வொரு மழைக்கும் பொங்கி வீட்டுக்குள் வரும். தெருவில் விளக்கும் இல்லை. அதற்காக டீச்சர் பல தடவை மனு எழுதிப் போட்டிருந்தார். அவர் நின்றால் என்ன என்று சிலர் சொன்னார்கள். கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வுபெற்ற ஒருவரும் தொழிற்சங்கத்து ஆள் ஒருவரும் வந்து பேசி அவரைச் சம்மதிக்க வைத்தார்கள். அவரை எதிர்த்து நின்றவர் ஒரு லாரி முதலாளி. தமிழர், வசதியானவர்.

டீச்சரின் முதல் கூட்டம் நகராட்சிக் குடியிருப்புக்கு முன்னால் நடந்தது. அவர் எப்போதும் போலப் பழுப்புச் சாரோங்கும் வெள்ளைக் கெபாயாவும் அணிந்து வந்தார். சட்டையை மூடி நிறுத்த, மார்பில் மேலும் கீழுமாக மூன்று தங்க ஊசிகள். அவருடைய அம்மாவின் ஊசிகள் அவை. அவர் மலாயில் வடிகாலைப் பற்றிப் பேசினார். பக்கத்தில் நின்று நான் தமிழில் சொன்னேன். நான்கு வாக்கியம்கூடப் போகவில்லை, பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார்.

"ஏம்மா, இவங்க தமிழச்சியா மலாய்க்காரியா? கெபாயா போட்டுக்கிட்டு வந்து நம்மகிட்ட ஓட்டு கேக்குறாங்க!"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் என் பக்கம் குனிந்தார். "என்ன கேட்கிறார்?"

"விளக்கு எப்போது வரும் என்று கேட்கிறார், காக்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கெபாயா என்ற சொல் எல்லாப் பேச்சிலும் கெபாயாதான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அவர் திரும்பி, விளக்கைப் பற்றியே பதில் சொன்னார்.

அந்த லாரி முதலாளியையும் நான் பார்த்திருக்கிறேன். காலையில் சீனர் கடைத்தெருவில் கோட்டும் டையும். மத்தியானம் மலாய்க் கம்பத்தில் சொங்கோக் தொப்பி. சாயங்காலம் நம் ஆட்களிடம் வரும்போது வேட்டி, ஜிப்பா, நெற்றியில் விபூதி. ஒரே நாளில் மூன்று வேஷம். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் கிராணியும் சங்கத்து ஆளும் டீச்சர் வீட்டுக்கு வந்தார்கள். டீச்சர் மேசைமேல் ஒரு பெரிய காகிதத்தை விரித்து வைத்திருந்தார். தெருவில் எந்த வீட்டுத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது, எங்கே அடைத்துக்கொள்கிறது என்று அவரே நடந்து பார்த்து வரைந்த படம். வந்தவர்கள் அதன்மேல் தொப்பியை வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"பொடவை கட்டித்தான் ஆவணும்" என்றார் கிராணி. "இல்லாட்டி தமிழ் ஓட்டு ஒண்ணும் தேறாது."

"என்ன கலரு?" என்றார் சங்கத்து ஆள்.

"வெள்ளை வேணாம். தாலியறுத்தவங்க மாதிரி இருக்கும்."

"செவப்பு?"

"காட்டுல ஒளிஞ்சிருக்குற கம்யூனிஸ்டு கலருன்னு போலீசு வந்து நிக்கும்."

"அப்ப பச்சை."

"பச்சைன்னா துலுக்கருக்குக் கொடி புடிக்கிறாங்கன்னுவாங்க."

"கறுப்புல செவப்புக் கரை போட்டு..."

"ஊர்க் கட்சிச் சண்டைய இங்க ஏன் இழுத்துப் போடறே? பட்டும் வேணாம், பணக்காரின்னு சொல்லிருவாங்க. சீட்டியும் வேணாம், மதிப்பா இருக்காது."

டீச்சர் என் கையைத் தொட்டார். "ரொம்ப நேரமாகப் பேசுகிறார்களே. வடிகாலைப் பற்றியா?"

"புடவை நிறத்தைப் பற்றி, காக்."

 டீச்சர் அவர்களுடைய தொப்பிகளை மெல்ல எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு, படத்தைச் சுருட்டினார்.

கடைசியில் மாம்பழ நிறம் என்று முடிவாயிற்று. பெண்டஹாரா சாலைக் கடையில் நானும் அவருமாகப் போய் வாங்கினோம். கட்டிவிடும் வேலை எனக்கு.

அவர் வாழ்நாளில் புடவை கட்டியதில்லை. சாரோங்கை இறுக்கிச் சுற்றிச் சின்ன அடி வைத்து நடந்து பழகியவருக்கு ஆறு கஜம் துணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நானும் அவரும் மட்டும் உள்ளே. கொசுவம் வைத்தால் நழுவிவிடும் என்று பயந்தார். ஒரு ஊக்குக் குத்தினேன். "இன்னொன்று" என்றார். குத்தினேன். தோளில் மூன்று, கொசுவத்தில் நான்கு, இடுப்பைச் சுற்றி நான்கு. நாற்காலிகளின் முதுகைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் மேலும் கீழும் நடந்து பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

"அடிக், உண்மையைச் சொல். நாடகத்தில் வேஷம் கட்டியவள் மாதிரி இருக்கிறேனா?"

"இல்லை, காக். அழகாக இருக்கிறீர்கள்."

அழகாகத்தான் இருந்தார். ஆனாலும் அவர் கேட்டது சரிதான் என்று எனக்குத் தெரிந்தது.

வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுச் செட்டிக் கிழவி வாசலில் நின்றிருந்தாள். டீச்சரை மேலும் கீழும் பார்த்தாள். "உன் அம்மா இருந்திருந்தால், இது யார் என்று என்னைக் கேட்டிருப்பாள்" என்றாள் மலாயில். டீச்சர் தலையைக் குனிந்து வணங்கிவிட்டு நடந்தார். வேகமாக நடக்க அவரால் முடியவில்லை.

அன்றைய கூட்டத்தில் யாரும் எழுந்து கத்தவில்லை. ஆனால் குழாயடியில் மறுநாள் பேச்சு முழுவதும் அதுதான். ரவிக்கைக் கை நீளம். பொட்டு பெரிது. புடவை கட்டினாலும் கொண்டை செட்டிக் கொண்டைதான். நான் வாளியோடு போய் நின்றதும் பேச்சு நின்றது. என்னைக் காட்டுச் சனம் என்றவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீதானே கட்டிவுட்டே?"

"ஆமா அக்கா."

"வா, இப்படி வா. வாளிய நான் வைக்கிறேன், நீ உக்காரு" என்று என் வாளியை வாங்கிக் குழாய்க்குக் கீழே வைத்தாள். "அவங்களுக்குக் கட்டத் தெரியுமா, தெரியாதா?"

ஐந்தாறு பெண்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். எல்லோர் முகமும் என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அந்த முகங்களுக்காக நான் ஒரு வருஷம் காத்திருந்தேன்.

"தெரியாது" என்றேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் சொன்னேன். "பின்னு குத்திக் குத்தியே என் கை ஓஞ்சுபோச்சு. எண்ணிப் பாத்தேன், பதினொண்ணு." ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலியைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். நடந்தும் காட்டினேன். வேஷம் கட்டினவ மாதிரி இருக்கேனான்னு கேட்டாங்க என்று, அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன்.

அன்று அவள் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். காப்பி கலந்து கொடுத்தாள். வறுத்த கடலை வைத்தாள். "ஏண்டி, நீ இவ்வளவு கலகலப்பான பொண்ணா? சொல்லவே இல்லையே" என்று முதுகில் தட்டினாள். வீடு திரும்பும்போது வாளி கனக்கவே இல்லை. உள்ளே ஏதோ ஒன்று உறுத்தியது. அதைத் தள்ளிவிட்டேன். பெண்களுக்குள் பேசிக்கொள்வதுதானே என்று சமாதானம் செய்துகொண்டேன். அந்த வாரம் இன்னும் இரண்டு வீட்டில் என்னைக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள். கதையைத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம். டீச்சர் வீட்டு வராந்தாவில் பாரம் எழுதிக்கொண்டிருந்தோம். லாரி முதலாளியின் ஒலிபெருக்கி கட்டிய கார் தெருவுக்குள் மெதுவாக வந்தது. வழக்கமாகச் சின்னத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டுவிட்டுப் போகும். அன்று புதிதாக ஒரு குரல் பேசியது.

"தாய்மார்களே! ஒரு பொடவைய ஒழுங்காக் கட்டத் தெரியாதவங்களுக்கு ஒரு டவுன ஆளத் தெரியுமா? நாற்காலியப் புடிச்சிக்கிட்டு நடக்குறவங்க நகர மன்ற நாற்காலியில உக்காரலாமா? பதினொண்ணு! கூட இருந்து எண்ணிப் பாத்தவங்க சொன்னது! பதினொண்ணு பின்னு!"

வராந்தாவில் காத்திருந்த பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்து, முந்தானையால் வாயை மூடினாள். கார் எங்கள் வாசலுக்கு நேரே வந்து நின்று, அதையே இன்னொரு தடவை சொல்லிவிட்டு நகர்ந்தது.

"என்ன சொல்கிறார்கள்?" என்றார் டீச்சர்.

 "அவர்கள் சின்னத்துக்கு ஓட்டுப் போடச் சொல்கிறார்கள், காக்."

அவர் பேனாவை மூடி, மேசைமேல் வைத்தார். "பதினொண்ணு" என்றார். தமிழில், சுத்தமாக. "பின்னு" என்றார். பிறகு தன் தோளைத் தொட்டுப் பார்த்தார். அன்று அவர் கெபாயாவில்தான் இருந்தார். அங்கே ஊக்கு ஏதும் இல்லை. ஆனாலும் தொட்டுப் பார்த்தார்.

காத்திருந்த நான்கு பேருக்கும் பாரங்களை முடித்துக் கொடுத்தார். ஒவ்வொருவரிடமும் கேட்பதை என்னிடம் சொல்லி, நான் கேட்டுச் சொன்னதை எழுதினார். குரலில் மாற்றம் இல்லை. எல்லோரும் போன பிறகு மைப்புட்டியை மூடிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு வர வேண்டாம்."

அடிக் என்று சொல்லவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன், காலில் விழுந்திருப்பேன். அவர் எதற்கும் இடம் வைக்கவில்லை. தெருவைக் கடந்து என் அறைக்கு வந்தேன். பதினைந்து அடி தூரம்தான். அதை நடந்த மாதிரி இன்றுவரை வேறெந்தத் தூரத்தையும் நடந்ததில்லை.

கடைசிக் கூட்டத்துக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். கூட்டத்தின் கடைசியில், ஒரு மரத்தடியில் நின்றேன். குழாயடிப் பெண்கள் முன்னால் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டார்கள். பார்க்காதது போல நின்றேன்.

டீச்சர் கெபாயாவில் வந்தார். மூன்று தங்க ஊசிகளும் இருந்தன. சங்கத்து ஆள் மொழிபெயர்த்தார். அவருக்கு மலாய் அரைகுறை. வடிகாலின் சரிவு என்று டீச்சர் சொன்னதை மலைச்சரிவு என்று ஏதோ சொல்லிக் குழப்பினார். சரியான சொல் என் வாய்வரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். சிலர் எழுந்து போனார்கள். யாரோ ஒருவன் கத்தினான்: "பின்னெல்லாம் எங்க டீச்சர்?"

சங்கத்து ஆள் திகைத்துப்போய் நின்றார். டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. கத்தினவன் இருந்த பக்கம் பார்த்து, "வீட்டுல" என்றார்.

அந்த ஒரு தமிழ்ச் சொல்லுக்குக் கூட்டம் முழுதும் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை அது. அவரும் சிரித்தார். பாரத்தில் வீட்டு விலாசம் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல். என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல். எல்லோரும் சிரித்தபோது என்னால் மட்டும் முடியவில்லை.

அவர் தோற்றுப்போனார். லாரி முதலாளி மாலையும் கழுத்துமாகத் தெருவுக்குள் வந்து, கோட்டுப் போட்ட கையால் எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் போனார். கெபாயாவைத் திரும்பப் போட்டதால்தான் தோற்றார் என்றார் கிராணி. புடவை கட்டியதால்தான் செட்டிகள் ஓட்டுப் போடவில்லை என்றார் சங்கத்து ஆள். வடிகாலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மழைக்கும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. நான் கட்டில்மேல் அரிசி டின்னைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குழாயடியில் தேர்தல் பேச்சு ஒரு வாரத்தில் ஓய்ந்தது. என்னிடம் கேட்பதற்கு அவர்களுக்கு வேறு ஒன்றும் இல்லை. மறுபடியும் என் முறை வரும்வரை நின்று தண்ணீர் பிடித்துவந்தேன். ஒரு நாள் மூன்று மணிக்கு எதிர் வராந்தாவைப் பார்த்தால், என் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள், எனக்குக் காப்பி கலந்து கொடுத்தவள். அவளுக்கும் கொஞ்சம் மலாய் வரும். டீச்சர் கேட்பதைக் கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். குழாயடியில் யாரைவிடவும் உரக்கச் சிரித்தவள் அவள்தான், அவள் வழியாகத்தான் அந்தப் பேச்சு அந்தக் காருக்குப் போனது என்றுகூட நினைத்தேன். போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் இருந்தது. எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

சுதந்திரம் வந்தது. என் வீட்டுக்காரருக்கு விடுமுறை கிடைத்து, காலையில் இருவரும் கொடி பார்க்கக் கடற்கரைத் திடலுக்குப் போனோம். நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. கூட்டத்தில் டீச்சரைத் தூரத்தில் பார்த்தேன். தனியாக நின்றிருந்தார். "உங்க டீச்சர்தானே? போய்ப் பேசிட்டு வாயேன்" என்றார் இவர். வெயில் அதிகம், தலை சுற்றுகிறது என்று சொன்னேன். நடந்தது எதையும் இவரிடம் நான் சொல்லவில்லை. ஊக்கு விஷயம்தானே, இதுக்கா என்று கேட்டிருப்பார்.

பெண் குழந்தை பிறந்தது. பிறப்புப் பத்திரத்துக்குப் பாரம் எழுத வேண்டியிருந்தது. வேறு ஆளிடம் போயிருக்கலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தேன். அன்று வராந்தாவில் வேறு யாரும் இல்லை.

"உட்காருங்கள், புவான்" என்றார்.

அந்நியப் பெண்ணை மரியாதையாகக் கூப்பிடும் சொல் அது. உட்கார்ந்தேன். பிறந்த நாள், நேரம், தகப்பன் பெயர், தொழில் என்று வரிசையாகக் கேட்டார். சொல்லிக்கொண்டே வந்தவள், நடுவில், தயார் செய்யாமலே சொல்லிவிட்டேன்.

"காக், ஊக்கு விஷயத்தை வெளியே சொன்னது நான்தான்."

பேனா நிற்கவில்லை. "தெரியும். அன்று உள்ளே வேறு யார் இருந்தார்கள்?"

"என்னிடம் யாரும் பேசமாட்டார்கள், காக். அன்று பேசினார்கள்."

அப்போதுதான் பேனாவை நிறுத்தினார். என்னைப் பார்க்காமல், குழந்தையைப் பார்த்தார். அது தூக்கத்தில் வாயைக் குவித்துக்கொண்டிருந்தது. "என்னிடமும்தான் யாரும் பேசமாட்டார்கள்" என்றார். "பாரம் எழுத வருவார்கள். எழுதி முடிந்ததும் போய்விடுவார்கள். நீ மூன்று மணிக்கு வருவாய். அதற்காகக் காப்பித் தண்ணீரை இரண்டரைக்கே அடுப்பில் வைத்துவிடுவேன்."

நான் குழந்தையின் துணியை இழுத்துச் சரிசெய்தேன்.

"குழந்தைக்கு என்ன பெயர்?" என்றார்.

சொன்னேன். ஆங்கில எழுத்தில் எழுதி, என் பக்கம் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினார். தப்பாக எழுதினால் பின்னால் பள்ளிக்கூடத்தில் கஷ்டப்படும் என்றார். இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுக் கொடுத்தார். நான் எழுந்தபோது வாசல்வரை வந்தார். அது எல்லோருக்கும் செய்வதுதான். அதற்குப் பிறகும் புவான் என்றே கூப்பிட்டார்.

குழந்தை தவழ ஆரம்பித்து, நடக்க ஆரம்பித்த பிறகு, அடுத்த நகர மன்றத் தேர்தல் வந்தது. ஒரு காலை நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். கிராணியும் சங்கத்து ஆளும் டீச்சர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். சங்கத்து ஆளுக்கு இப்போது மலாய் தேறியிருந்தது. இந்தத் தடவை அவசியம் நிற்க வேண்டும் என்று மன்றாடினார். சுதந்திர நாடு, காலம் மாறிவிட்டது என்றார். டீச்சர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் சொன்னது தெருவின் இந்தப் பக்கம்வரை தெளிவாகக் கேட்டது.

"நான் என்ன உடுத்த வேண்டும் என்று முதலில் நீங்கள் எல்லோரும் பேசி முடிவு செய்துகொண்டு வாருங்கள். அது முடிவதற்குள் வடிகாலை நானே மண்வெட்டி எடுத்து வெட்டிவிடுவேன்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, சத்தமாகச் சிரித்தேன். என் மகள் தரையில் உட்கார்ந்தபடி அண்ணாந்து என்னைப் பார்த்தாள். நான் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

நிமிர்ந்தபோது டீச்சர் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் வெயில். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் தெருவைக் கடந்திருப்பேன். அவர் மெல்லத் திரும்பி, வந்தவர்களுக்கு விடை கொடுத்துவிட்டு, மேசைமேலிருந்த பாரங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். நான் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மிச்ச வாசலைப் பெருக்கினேன்.